பன்னாடையும் அன்னமும்: தெளிவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சென்ற ஆண்டு மதுரையில் ஒரு விமர்சனக் கூட்டம். கட்டுரையை வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்தார். "நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு தோழர். ஆனா எல்லாம் கலங்கலா கெடக்கு. கொஞ்சம் வடிகட்டிக் குடுத்தா எங்களுக்கும் உள்ள இறங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிறுபத்திரிகை எழுத்தின் மீது காலங்காலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டுதான், புதிதில்லை. ஆனால் ஊர் திரும்பும் பஸ்ஸில் 'கலங்கல்', 'வடிகட்டுதல்' என்ற அந்த இரண்டு சொற்களும் என்னை விடவில்லை. இவை எழுத்துக்குரிய சொற்களே அல்ல. பானத்துக்குரியவை. பானையிலிருந்து மொழிக்கு எப்படி வந்தன, வரும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தன என்று யோசிக்கத் தொடங்கினேன். இக்கட்டுரை அதன் விளைவு. வீட்டில் காய்ச்சிய திராட்சை மதுவைத் தெளியவைக்கும் ஓர் எளிய காரியத்திலிருந்து இதைத் தொடங்குகிறேன்.

2

எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டின் ஓரம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். எனக்குப் பெரியம்மா முறை. கிறிஸ்துமஸுக்கு நாற்பது ஐம்பது நாள் முன்னாலேயே பன்னீர் திராட்சை வாங்கிப் பிசைந்து, சீனி, ஈஸ்ட் போட்டு, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, துணியால் வேடு கட்டிவைப்பார். தினம் ஒருதரம் மரக்கரண்டியால் கிளறுவார். பிறகு பழைய வேட்டித்துணியில் வடித்து, வேறு ஜாடிக்கு மாற்றி, இருட்டறையில் வைத்துவிடுவார். நாங்கள் போய் எட்டிப் பார்த்தால், "ஏல, அத அசைக்காத. அதுவா தெளியட்டும்" என்பார். தெளியும். அடியில் சாம்பல் நிறத்தில் மண்டி இறங்கி, மேலே சிவப்பாக நிற்கும்.

ஒரு வருஷம் மட்டும் தெளியவில்லை. அந்த வருஷம் நாள் போதாதென்று திராட்சையைக் கொதிக்கவைத்துத்தான் போட்டிருந்தார். யாரோ சொன்னார்களென்று ஒரு கை கோதுமையும் போட்டிருந்தார். மூன்று தடவை துணியில் வடித்தும் பால் கலந்ததுபோலவே நின்றது. கடைசியில் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினார். நுரைதான் வந்தது. "இந்த வருஷம் கண்ண மூடிக்கிட்டுக் குடிங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

ஏன் தெளியவில்லை என்பதைப் பல வருஷம் கழித்துப் புத்தகங்களில் படித்தேன். கலங்கல் என்பது ஒன்றல்ல, பல. ஈஸ்டினால் வரும் கலங்கல் உயிருள்ளது. அந்த உயிரிகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவானவை; வேட்டித்துணியின் கண்களுக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். துணி அவற்றைத் தடுப்பதில்லை. காலம்தான் அவற்றைப் படியவைக்கிறது. பழத்தைக் கொதிக்கவைத்தால் அதன் பெக்டின் கரைந்து இறங்கி மிதந்தபடியே நிற்கும். காலமும் அதைப் படியவைக்காது. அதை அறுக்க ஒரு நொதி வேண்டும். கோதுமை போட்டால் வருவது மாவுச்சத்தின் கலங்கல். அதற்கு வேறொரு நொதி. முட்டையின் வெள்ளைக்கரு இவற்றில் எதையும் தீண்டுவதில்லை. மதுவில் அது நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக்கொண்டு கனத்து மூழ்கும். அவ்வளவுதான். பிரான்சின் போர்தோவில் 225 லிட்டர் பீப்பாய்க்கே நாலைந்து வெள்ளைக்கரு போதும் என்பார்கள். பெரியம்மா பத்து லிட்டர் ஜாடிக்கு இரண்டு போட்டிருந்தார்.

அதாவது, எதனால் கலங்கியது என்று தெரியாமல் தெளியவைக்க முடியாது. மதுரைத் தோழருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் பதில் இதுவாக இருக்கலாம். எங்கள் எழுத்தின் கலங்கலில் கொஞ்சம் ஈஸ்ட் உண்டு, அது பொறுத்தால் படியும். கொஞ்சம் அவசரத்தில் கொதிக்கவைத்ததால் வந்தது. யாரோ சொன்னார்களென்று நாங்களாகப் போட்ட கோதுமையும் நிறைய உண்டு. இதை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே போகிறேன்.

3

மதுவைத் தெளியவைப்பது குறித்த வாதம் குறைந்தது ரோமாபுரி அளவுக்குப் பழையது. கி.மு. 30 வாக்கில் ஹொரேஸ் எழுதிய அங்கதக் கவிதைகளின் இரண்டாம் தொகுதியில் கேட்டியஸ் என்றொரு பாத்திரம் வருகிறது. சாப்பாட்டு ரசனையைப் பெரிய தத்துவம்போல விரித்துரைக்கும் ஆசாமி. சணல்துணியில் வடித்தால் மதுவின் சுவை கெட்டுப்போகும் என்கிறான். அதற்குப் பதிலாகப் புறா முட்டையைப் பரிந்துரைக்கிறான்: மஞ்சள்கரு அடிக்குப் போகும்போது கலங்கலையும் சுருட்டிக்கொண்டு போகுமாம். வடிகட்டுவதா, முட்டையிட்டுத் தெளியவைப்பதா என்ற இன்றைய வாதம் அப்படியே அங்கே இருக்கிறது.

இங்கே கவனங்கொள்ள வேண்டியது ஒரு சொல். முட்டை சுருட்டிக்கொண்டு போகும் பொருளுக்கு லத்தீனில் கையாளப்படும் சொல்லுக்கு 'அந்நியமானவை' என்று பொருள். எது அந்நியம்? அடியில் படிவது திராட்சையின் தோல், சதை, அதைப் பொங்கவைத்த ஈஸ்ட். மதுவை மதுவாக்கியதே அவைதான். வேலை முடிந்தபிறகு அவை அந்நியமாகிவிடுகின்றன. கோட்பாட்டாளர்கள் 'மற்றமை' என்று பேசுவதன் எளிய வடிவம் ஒரு ஜாடியின் அடியில் கிடக்கிறது. மற்றமை வெளியிலிருந்து வருவதில்லை. தெளிவு என்ற ஒன்றை உண்டாக்கும் அதே செயலில் உள்ளேயிருந்தே உண்டாக்கப்படுகிறது.

அந்த மண்டி எங்கே போயிற்று? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ இதற்குப் பதில் வைத்திருக்கிறார். பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி எடுக்கும் 'லோரா' என்ற பானத்தை, அறுவடை முடிந்த மூன்று மாதங்களுக்குப் பண்ணையாட்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார். பண்ணையாட்கள் என்றால் அடிமைகள். தெளிந்தது எஜமானுக்கு, சக்கைத்தண்ணீர் அடிமைக்கு. பின்னால் வந்த பிளினி இதை வேலையாட்களின் மது என்கிறார். அதே பிளினி வடிகட்டுதலைப் பற்றிச் சொல்வது இன்னும் சுவாரசியமானது: மதுவின் வலுவைக் குறைத்து, மேலும் மேலும் குடிக்க ஏதுவாகத்தான் அதைப் பைத்துணியில் வடிக்கிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். மண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே சமூகத்தின் அடித்தட்டு மக்களையும் குறித்தது. மலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. பானத்தின் சொல் மனிதர்மேல் ஏறியது இப்படித்தான்.

4

தமிழுக்கு வருவோம். யவனர் கொண்டுவந்த மது தமிழ் மண்ணில் இறங்கியதற்குப் பாட்டும் சான்று, பானையோடும் சான்று. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் யவனரின் மணமுள்ள பானத்தை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கக் குடித்து வாழட்டும் என்கிறார். அந்தப் பானத்துக்கு அவர் இடும் பெயர் 'தேறல்'. தேறு என்றால் தெளி. தேறல் என்பது தெளிவு, தெளிந்த மது. 367ஆம் பாட்டில் சேர சோழ பாண்டியர் மூவரும் ஒருங்கே இருக்கக் கண்டு ஔவையார் பாடும்போதும் அதே பொற்கலம், அதே மகளிர், நாரால் அரிக்கப்பட்ட அதே தேறல். அரசனுக்கு வருவது வெறும் கள்ளல்ல, மண்டி நீங்கியது. எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டுகளைச் செல்வச்செழிப்பின் படிமமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாரின் அந்தப் பக்கம் தங்கிய மண்டியை யார் குடித்தார்கள் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

'தேறு' என்ற வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைத்திருக்கின்றன பாருங்கள். துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம். பரீட்சையில் தேறுகிறோம். "இவன் தேறமாட்டான்" என்று ஒருவனைக் கைகழுவுகிறோம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். பானையின் உட்புறத்தில் அதை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள புரதம் சேற்றுத்துகளைக் கூட்டிப் படியவைக்கும். மதுவில் முட்டை செய்வதும் இதற்கு நெருங்கிய வேலைதான். கலங்கிய மனம் தெளிவதற்கு உவமையாக நெய்தற்கலியில் இந்தக் கொட்டை வருகிறது. மனுநூலின் ஆறாம் அத்தியாயத்திலும் வருகிறது: அந்த மரத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் தண்ணீர் தெளிந்துவிடாது என்று. சொல் வேறு, செயல் வேறு என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த அதே நூல்தான், மனிதரில் யார் தெளிவு யார் மண்டி என்பதை எந்தச் செயலையும் பாராமல் பிறப்பை வைத்தே தீர்மானித்தது. இந்த முரண் தற்செயலானதல்ல. தண்ணீருக்குக் கொட்டை வேண்டும். சாதிக்குப் பெயரே போதும்.

5

இனி என் சொந்தக் கதை கொஞ்சம் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா பனையேறி. பாளை சீவி, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டி, காலையில் இறக்கிவரும் பதநீரைப் பானையில் ஊற்றும்போது வாயில் பன்னாடையை வைத்துத்தான் ஊற்றுவார். பன்னாடை என்பது பனைமட்டையின் அடியில் வலைபோலப் படர்ந்திருக்கும் நார். எறும்பு, ஈ, வண்டு, பாளைத்தூள் எல்லாம் அதில் தங்கிவிடும். சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலாக இறுத்தால் பதநீர் கண்ணாடிபோல இருக்கும்.

ஏழாம் வகுப்பில் கணக்கு வராததற்காக ஒரு வாத்தியார் என்னைப் "போடா பன்னாடை" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் என் தாத்தாவை நினைத்துச் சொன்னாரா, சும்மா வாயில் வந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் முக்கியமில்லை. அந்தச் சொல்லுக்கு அவரைவிட வயது அதிகம். எம்.ஏ. படிக்கும்போதுதான் அது நன்னூலில் இருப்பதைக் கண்டேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர் இடைத்தரம். ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் கடைத்தரம். நெய்யரி என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் பன்னாடை. நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அது கடை.

இந்தச் சூத்திரத்தை நாம் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். அன்னமும் வடிகட்டிதான், பன்னாடையும் வடிகட்டிதான். இரண்டும் பிரிக்கின்றன. அன்னம் பாலைத் தான் குடித்துவிட்டுத் தண்ணீரை மற்றவருக்கு விடுகிறது. பன்னாடை அழுக்கைத் தான் வைத்துக்கொண்டு தெளிந்ததை மற்றவருக்கு விடுகிறது. முதலாவதற்கு முதல்மாணாக்கர் பட்டம், இரண்டாவதற்கு வசவு. மாணவனின் நினைவாற்றலுக்குச் சொன்ன உவமை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். உவமை எதற்காகச் சொல்லப்பட்டாலும், அது எந்த உலகத்திலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த உலகத்தின் மதிப்பீட்டையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறது. நல்லதைத் தனக்கு எடுத்துக்கொள்பவன் மேல், அழுக்கைத் தான் ஏற்றுப் பிறருக்கு நல்லதைத் தருபவன் கீழ் என்பது ஓர் இலக்கண விதி அல்ல. அது ஒரு சமூக ஏற்பாடு. சாக்கடையில் இறங்குபவரை இந்தச் சமூகம் எந்தச் சொற்களால் அழைக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். துப்புரவு செய்பவர் துப்புரவானவராக எண்ணப்படவில்லை என்பதற்குத் தனியாகச் சான்று தேட வேண்டியதில்லை.

6

நவீன காலம் இந்த ஏற்பாட்டைக் கலைத்துவிடவில்லை, பெரிதாக்கியது. மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்பேரில் பாஸ்டர் மதுவின் நோய்களை ஆராய்ந்து 1866இல் நூல் வெளியிட்டார். அதற்குப் பிறகு கலங்கல் என்பது வெறும் பார்வைக்குறை அல்ல, கிருமியின் அடையாளம் என்றாயிற்று. தெளிவு ஒரு தொழிற்சாலைத் தரமாகியது. அதற்குத் தெளிவிக்கும் பொருட்கள் மலிவாகவும் ஏராளமாகவும் தேவைப்பட்டன.

ஐரோப்பாவில் மதுவையும் பீரையும் தெளியவைக்க ரஷ்ய ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையைப் பயன்படுத்தினார்கள். 'ஐசிங்கிளாஸ்' என்று பெயர். அதற்கு மலிவான மாற்றைத் தேடியபோது காலனியக் கண் நம் கடல்மீதும் விழுந்தது. இந்தியக் கடற்கரைகளில் ஐசிங்கிளாஸ் உற்பத்தி பற்றி ஃபோர்ப்ஸ் ராய்ல் 1842இல் ஒரு நூலே எழுதினார். எங்கள் கடற்கரையில் அந்தப் பைக்கு நெட்டி என்று பெயர். மாட்டிரத்தத் தூளும் இதே வேலைக்குப் பயன்பட்டது. பைத்தியமாட்டு நோய்க்குப் பிறகு 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. 1930களில் அமெரிக்காவில் பென்டோனைட் களிமண் வந்தது. எதிர்மின்னேற்றமுள்ள அந்தக் களிமண், மதுவிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு படியும்.

மீனோ, ரத்தமோ, முட்டையோ, மண்ணோ, எல்லாவற்றுக்கும் பொது இலக்கணம் ஒன்று உண்டு. தெளிவிக்கும் பொருள் தெளிவில் மிஞ்சக்கூடாது. தான் பிடித்த அழுக்கோடு தானும் மண்டியாகி வெளியேறிவிட வேண்டும். நீண்டகாலம் புட்டியின் சீட்டில் அதன் பெயர்கூடக் கிடையாது. 2012இல்தான், முட்டையும் பாலும் மதுவில் எச்சமாக இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி நடைமுறைக்கு வந்தது. உழைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அது குடிப்பவரின் உடம்பைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறது.

வடிகட்டியின் கதை இன்னும் கொடியது. இருபதாம் நூற்றாண்டில் மதுவை வடிகட்டும் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். ஜெர்மனியின் சைட்ஸ் தகடுகள் இதில் பேர்பெற்றவை. தமிழில் அஸ்பெஸ்டாஸுக்கு என்ன பெயர்? கல்நார். நாரால் அரித்த தேறலிலிருந்து கல்நாரால் அரித்த தேறலுக்கு வந்துசேர்ந்தோம். கல்நாரின் இழை மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழும். சுரங்கத்திலும் ஆலையிலும் கல்நாரைக் கையாண்ட தொழிலாளிகளின் நுரையீரல் எதைப் பிடித்துவைத்துக்கொண்டது என்று யோசியுங்கள். கடைசிப் பன்னாடை அதுதான்.

7

தெளிவுக்கும் அரசுக்குமான உறவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் தடைசெய்யப்பட்டது. 2003 முதல் டாஸ்மாக் வழியாக அரசே சில்லறையில் மது விற்கத் தொடங்கியது. கள் கலங்கலானது, உயிருள்ளது. காலையில் இறக்கியது மாலையில் வேறொன்றாகிவிடும். புட்டியில் அடைத்துச் சீல்வைத்து வரிவில்லை ஒட்டுவதற்குச் சுலபத்தில் அகப்படாது. டாஸ்மாக் புட்டியில் இருப்பது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து காய்ச்சி வடித்த சாராவி. வடித்தது, தெளிந்தது, எண்ணக்கூடியது. பெரியம்மாவின் ஜாடியும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான். ஆனால் அந்த இருட்டறைக்கு எந்தப் போலீஸ்காரரும் வந்ததில்லை. தாத்தாவின் கலயங்களை முகர்ந்து பார்க்க வந்திருக்கிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று விரல்விட்டு நக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இதனால் கலங்கலுக்குக் கோயில் கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கில் இன்று வடிகட்டாத மதுவுக்குத் தனி மவுசு, தனி விலை. கலங்கலும் பணக்கார ரசனையாக முடியும் என்பதற்கு அது போதும். இங்கே கள்ளில் மயக்கமருந்து கலந்து ஏழையை ஏய்த்த கதைகளும் உண்டு. கலங்கல் அதை மறைத்தது. அதேபோல் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற விஷச்சாராயத்தில் இருந்தது மெத்தனால். மெத்தனால் பச்சைத்தண்ணீர்போலத் தெளிவானது. எந்தத் துணியிலும் தங்காது, எந்த முட்டைக்கும் படியாது. தெளிவாக இருக்கிறது என்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

ஆகவே மதுரைத் தோழருக்கு: வடிகட்டித் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோதுமையை இனிப் போடாமலிருக்க முயல்கிறேன். ஆனால் ஒரு வாதம், ஒரு வரலாறு, ஓர் இயக்க அறிக்கை ரொம்பத் தெளிவாக நம் கைக்கு வரும்போது, அது எதனால் அரிக்கப்பட்டது, அரித்த பொருள் எங்கே போயிற்று, அடியில் தங்கியதை யார் தலையில் ஊற்றினார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். தனித்தமிழ் குறித்தும், செம்பதிப்புகள் குறித்தும், நம் அமைப்புகளின் 'களையெடுப்புகள்' குறித்தும் இதே கேள்வியைக் கேட்கலாம், கேட்க வேண்டும். அவை தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

தாத்தா வேலை முடிந்ததும் பன்னாடையைத் தூக்கியெறிய மாட்டார். தண்ணீரில் நாலு உதறு உதறி, ஒட்டிய வண்டுகளைத் தட்டிவிட்டு, விளையின் வேலிக்கம்பில் காயப்போடுவார். மறுநாள் அதே பன்னாடை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வைததை ஒருநாள் அவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது இல்லாம அந்த வாத்தியாரு ஒரு மடக்குப் பைனி குடிச்சிருவாராமா?" என்று கேட்டார்.